மயில் உள்ளானும் மாமியார் வீட்டுப் பொய்யும்

என் மகளை நான் மூன்று மாதம் ஊருக்குத் தெரியாமல் வளர்த்தேன். திருட்டுக் குழந்தை ஒன்றுமில்லை. தாலி கட்டி, ஊருக்குச் சோறு போட்டு, முறையாகப் பெற்றதுதான். ஆனாலும் சிங்கவரத்தில் யார் கேட்டாலும், "புள்ள மாமியார் வூட்ல இருக்குது" என்றே சொல்லிவந்தேன். சொல்லச் சொன்னவர் என் நைனா.

என் மனைவி செஞ்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பிரசவ விடுப்பு ஆறு மாதம் முடிந்ததும் வேலைக்குத் திரும்பினாள். என் அம்மா இறந்து பல வருடம் ஆகிறது. மாமியாருக்கு முட்டிவலி, தன்னைத் தானே தூக்கிக்கொள்ள முடியாது, இதில் குழந்தையை எங்கே தூக்குவது? மிச்சம் இருந்தது நான். ஒரு ஏக்கர் நெல், அரை ஏக்கர் மணிலாக்கொட்டை, நிறைய பகல் பொழுது. நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்ன அன்று மனைவி என்னைப் பார்த்த பார்வைக்காக இன்னும் இரண்டு குழந்தைகளைக்கூட வளர்க்கலாம்.

நைனாவுக்குத்தான் தலை இறங்கிவிட்டது. "பொண்டாட்டி பஸ் ஏறிப் போவா, இவன் பால் புட்டி கழுவுவானா? டீக்கடையில நான் எப்படிடா உக்கார்றது?" என்று ஒரு நாள் முழுக்கக் கத்திவிட்டு, மறுநாள் டீக்கடையில் அவரே அந்தப் பொய்யைச் சொல்லிவிட்டு வந்தார். நான் எதிர்த்துப் பேசியிருக்கலாம். பேசவில்லை. எனக்கும் உள்ளுக்குள் கூச்சம்தான், அதை நைனாவின் தலையில் கட்டிவிட்டேன்.

ஆகையால் எங்களுக்கு ஒரு திருட்டு வழி இருந்தது. எங்கள் வீடு கடைசித் தெரு. பின்பக்கம் இறங்கி, வாய்க்கால் கரையோடு போனால் யார் கண்ணிலும் படாமல் நிலத்துக்குப் போய்விடலாம். மனைவியின் பழைய புடவையில் குழந்தையை மார்போடு கட்டிக்கொண்டு, பால் புட்டி, துணி, கிலுகிலுப்பை எல்லாவற்றையும் யூரியா பையில் போட்டுக்கொண்டு போவேன். மோட்டார் கொட்டகையில் தூளி. அவள் தூங்கும்போது நிலத்து வேலை. விழித்திருக்கும்போது அவளுக்கு வேடிக்கை காட்டுவது என் வேலை.

அப்படி வேடிக்கை காட்டப் போய்த்தான் அந்தப் பறவைகளைப் பார்த்தேன். நெல் பூக்கட்டிய சமயம். சாயங்காலம் ஐந்தரை, ஆறு இருக்கும். கடைசிக் கழனி மூலையில் எப்போதும் தண்ணீர் ஊறும், அங்கே கோரை மண்டிக் கிடக்கும். அந்தப் பக்கம் இருந்து, காலி பாட்டில் வாயில் ஊதினால் வருமே, அப்படி ஒரு சத்தம். ஊக்... ஊக்... ஊக். மகள் கண்ணை விரித்துக்கொண்டு என் சட்டையைப் பிடித்தாள். மெல்ல வரப்பில் போய் எட்டிப்பார்த்தேன்.

அடடா, என்ன நிறம்! புறாவைவிடக் கொஞ்சம் சின்னது, நீள மூக்கு. கழுத்தும் மார்பும் நனைந்த செங்கல் நிறம். கண்ணைச் சுற்றி வெள்ளையாக மை இட்டதுபோல ஒரு கோடு, தோளில் வெள்ளைப் பட்டை. உள்ளான் என்று தெரிந்தது, ஆனால் இத்தனை அலங்காரமான உள்ளானை நான் பார்த்ததில்லை. அதற்கு எதிரே இன்னொன்று, பழுப்பு நிறம், முதுகிலும் இறக்கையிலும் மங்கிய மஞ்சள் புள்ளிகள், வைக்கோலில் உட்கார்ந்தால் இருக்கும் இடம் தெரியாது. அலங்காரி திடீரென்று இரண்டு இறக்கையையும் முன்னால் விரித்து, வட்ட வட்டப் புள்ளிகளைக் காட்டி நின்றாள் என்று இன்றைக்கு எழுதுவேன். அன்றைக்கு நான் மனதில் சொன்னது, "நின்றான்."

அதில் என்ன சந்தேகம்? சேவல்தானே மினுக்கும், மயிலில் ஆண்தானே தோகை விரிக்கும். ஆகவே பளபளப்பவன் மாப்பிள்ளை, பழுப்பு மணப்பெண். இரண்டு நாள் கழித்து அதே செங்கல் நிறத்தில் இன்னொன்று வந்து, இரண்டும் இறக்கையை விரித்துக்கொண்டு ஒன்றையொன்று துரத்தி மோதின. பழுப்பு ஓரமாக நின்று சேற்றில் புழு தேடிக்கொண்டிருந்தது. ஒரு பெண்ணுக்காக இரண்டு பேர் அடித்துக்கொள்கிறார்கள் என்று ராத்திரி மனைவியிடம் நடித்தே காட்டினேன். அவள் சிரித்துக்கொண்டே தூங்கிப்போனாள், பாவம், நாள் முழுக்க நின்ற கால்.

அப்புறம் சில வாரம் கழித்து, கதிர் முற்றி, தண்ணீரை வடிய விட்ட பிறகு, மூலையில் இன்னும் எங்கிருந்து ஊறுகிறது என்று பார்க்கப் போனேன். கோரையை ஒட்டிய நெல்லுக்குள் காலை வைக்கப்போன இடத்தில், ஒரு சாண் தூரத்தில், பழுப்பு உட்கார்ந்திருந்தது. அசையவில்லை. நான் குனிந்ததும் இறக்கையை விரித்து உஸ்ஸென்று சீறியது. அவ்வளவு சின்ன உடம்பு, அத்தனை தைரியம்! இரண்டடி நகர்ந்து நின்றது. அடியில் வைக்கோல் மெத்தை, அதில் மஞ்சள் நிறத்தில் கருப்புத் திட்டுகளோடு நான்கு முட்டைகள். நான் பின்வாங்கிய உடனே ஓடி வந்து மறுபடி உட்கார்ந்துகொண்டது.

எனக்கு சந்தோஷம் தாங்கவில்லை. சொல்ல ஆள் வேண்டுமே, நைனாவையே கூட்டிப்போய்க் காட்டினேன். அவர் தூர நின்று பார்த்துவிட்டு, "புருசன் எங்கடா?" என்றார். அந்தச் சமயம் பார்த்து, பக்கத்துக் கழனி வரப்பிலிருந்து ஊக் ஊக் என்று சத்தம். அலங்காரப் பறவை அங்கே இறக்கையை விரித்துக்கொண்டு நிற்கிறது, எதிரில் வேறொரு பழுப்பு!

நைனா கொதித்துவிட்டார். "த்தூ! இவள முட்டை மேல உக்கார வச்சிட்டு, அங்க போயி அடுத்தவளுக்கு மினுக்கிக்கினு நிக்கிறான் பாரு. பொறுக்கி! நம்ம மவராசி இன்னாடான்னா பட்டினியா உக்காந்துக்கினு இருக்குது." அன்றிலிருந்து ஒருவன் ஊர்சுத்தி, ஒருத்தி மவராசி. நிலத்துக்கு வரும்போதெல்லாம் ஊர்சுத்தியைக் கண்டால் மண்ணாங்கட்டி எடுத்து எறிவார். நானும் சேர்ந்து திட்டுவேன். அப்பனும் மகனும் ஒற்றுமையாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மனைவிக்கு லீவு. வந்து பார்த்து, இரண்டு பறவையையும் போனில் படம் பிடித்துக்கொண்டு போனாள். திங்கட்கிழமை மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் போன் வந்தது. எடுத்தால் பேச்சே இல்லை, சிரிப்பு மட்டும்.

"இன்னாம்மா, சொல்லிட்டுச் சிரி."

"ஏங்க, படத்த போட்டு போன்ல தேடிப் பார்த்தேங்க. அது பேரு மயில் உள்ளானாம். கலரா இருக்குதே, அது பொட்டையாம்! நீங்களும் மாமாவும் இத்தினி நாளா திட்டினது பொம்பளையங்க!"

"ஏய், சும்மா சொல்லாத."

"நெசமாங்க. பொட்டைதான் சத்தம் போட்டு ஆம்பளையக் கூப்பிடுமாம். பொட்டைங்கதான் சண்டை போட்டுக்குமாம். முட்டை வச்சிட்டு அடுத்த ஆம்பளையத் தேடிக்கினு போயிடுமாம். கூட்டுல உக்கார்றது, குஞ்சு பொரிக்கிறது, அதுங்கள மேய்க்கிறது, எல்லாம் ஆம்பளதானாம்."

நான் மகளைத் தூளியில் ஆட்டிக்கொண்டிருந்தேன். ஆட்டுகிற கை நின்றுவிட்டது. மவராசி மவராசனா! சேற்றுக்குள் தனியாக உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சீறியது ஓர் அப்பனா! எழுந்து நின்று குதிக்கவேண்டும்போல் இருந்தது. குதித்தேன் என்றே நினைக்கிறேன், மகள் விழித்துவிட்டாள்.

"இன்னொண்ணு," என்றாள் மனைவி குரலைத் தாழ்த்தி, "செஞ்சி பஸ்ல யாரு மொதல்ல யார்கிட்ட நம்பர் கேட்டாங்கன்னு ஞாபகம் இருக்குதா?"

இருக்கிறது. அவள்தான் கேட்டாள். இருநூறு தடவை அதே பஸ்ஸில் போய் வந்தும் எனக்கு வாய் வரவில்லை. சிங்கவரத்தில் இறங்கப்போகும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நம்பர் குடுப்பீங்களா, மாட்டீங்களா?" என்று சண்டைக்கு வருவதுபோல் கேட்டாள். நான்தான் கேட்டேன் என்று கூட்டாளிகளிடம் சொல்லிவைத்திருக்கிறேன். போகட்டும், இப்போது எழுதியாகிவிட்டது. ஆனால் என் மனைவி அந்தப் பொட்டை மாதிரி விட்டுவிட்டுப் போகிறவள் இல்லை. ஆறரை பஸ்ஸில் இறங்கி, செருப்பைக் கழற்றும் முன்பே குழந்தையை வாங்கிக்கொள்கிறவள். அதையும் எழுதிவிடுகிறேன்.

நைனாவிடம் சொன்னேன். "போன்ல போட்டுட்டா எல்லாம் நெசமா? அப்பன் எங்கனாச்சும் முட்டை மேல உக்காருவானாடா?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மண்ணாங்கட்டி எறிவதை மட்டும் நிறுத்திக்கொண்டார். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் போயிருக்கவேண்டும்.

எனக்கு வேறு கவலை பிடித்துக்கொண்டது. முட்டை பொரிக்கக் கிட்டத்தட்ட மூன்று வாரம் ஆகும் என்று மனைவி படித்துச் சொன்னாள். குஞ்சுகள் வெளியே வந்து காய்ந்ததும் அப்பன் பின்னால் நடந்துவிடுமாம். ஆனால் முட்டை எந்த நாளில் வைத்தது என்று எங்களுக்குத் தெரியாது. நெல்லோ அறுப்புக்கு வந்துவிட்டது. அறுக்கும் மிஷின் சேலம் பக்கத்திலிருந்து வருவது. நம் இஷ்டத்துக்கு வராது. ஒரு வயல்வெளியில் இறங்கினால் வரிசையாக எல்லார் கழனியையும் அறுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். நம் முறையை விட்டால் போச்சு. ஆடி மாதத்து மழை ஒன்று விழுந்தால் கதிர் படுத்து அங்கேயே முளைத்துவிடும். வருவதோ டயருக்குப் பதில் பெல்ட் ஓடும் வண்டி, சேறு என்றும் பார்க்காது. மூலை வரைக்கும் வழித்துக்கொண்டு போகும். அந்த மூலையில்தான் அவன் உட்கார்ந்திருந்தான். மூலையை விடச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, பறவைக்காக எவனாவது நெல்லை விடுவானா என்று நைனா கத்துவார்.

மிஷின் எங்கள் வெளிக்கு வந்தது ஒரு மத்தியானம். டிரைவர் சின்ன வயசுக்காரர். வரப்பில் இறங்கி நின்று, "நாளைக்கு வண்டி ஓட்ட மாட்டேனுங்க. ஆடி அமாவாசை. இவ்வளவு தூரம் வந்துட்டு மலையனூர் அம்மாவப் பாக்காம போனா எங்கம்மா என்னைய வீட்டுக்குள்ள விடாதுங்க" என்றார். சுற்றி நின்ற எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள், கோட்டை மலைப் பக்கம் கருப்பாக இருந்தது. நைனா பல்லைக் கடித்தார். ஊரிலேயே வாயெல்லாம் பல்லாக நின்றவன் நான் ஒருவன்தான். முழுசாக ஒரு நாள் கிடைத்துவிட்டதே! மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்ஸில் அவரை நானே ஏற்றிவிட்டு வந்தேன்.

அமாவாசை அன்று மூன்று தடவை போய்ப் பார்த்தேன். தூறல் விழுந்தது, மழை இல்லை. சாயங்காலம் அவன் கொஞ்சம் எழுந்து நகர்ந்தபோது ஒரு முட்டையில் கீறல் விட்டிருந்தது. காதை வைத்துக் கேட்டால் உள்ளிருந்து கீச்சென்று ஒரு சத்தம்! மகளின் காதையும் அருகே கொண்டுபோனேன். அவள் முட்டையைப் பிடிக்கக் கையை நீட்டினாள், கையைப் பிடித்துக்கொண்டேன். அன்று ராத்திரி நான் சரியாகச் சாப்பிடவில்லை. பிரசவ வார்டு வாசலில் நின்ற ராத்திரியும் அப்படித்தான்.

மறுநாள் பக்கத்துக் கழனியை முதலில் அறுப்பது, பிற்பகல் எங்களுடையது என்று பேச்சு. அதற்குள் எல்லாம் வெளியே வந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். நைனா காலையிலேயே சாக்கும் படுதாவும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். மனைவி எட்டு மணி பஸ்ஸில் போனாள். பத்து மணிக்கு மகளுக்குக் கேழ்வரகுக் கூழ் ஊட்டிக்கொண்டிருக்கிறேன், வெகுநேரமாகக் கேட்கும் மிஷின் சத்தத்தை அப்போதுதான் கவனிக்கிறேன். பாறையில் பட்டு எதிரொலிக்கிற அந்தச் சத்தம் எங்கள் கழனிப் பக்கம் இருந்து வருகிறது! பக்கத்துக் கழனிக் கதிரில் தூறல் ஈரம் காயவில்லை என்று எங்களுடையதில் இறங்கிவிட்டார்கள். நைனாவுக்குப் போன் போட்டேன். மிஷின் பக்கத்தில் நிற்பவருக்குப் போன் எங்கே கேட்கும்?

வாய்க்கால் வழியாகப் போனால் இருபது நிமிஷம். டீக்கடை வழியாகப் போனால் ஐந்து.

நான் யோசித்தேன் என்று சொன்னால் பொய். யோசிக்க நேரமில்லை. வாயெல்லாம் கூழாக இருந்த மகளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, முன் வாசல் வழியாகத் தெருவில் ஓடினேன். மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவள் தெருவைப் பார்த்தாள். குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். டீக்கடை பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். "டேய், இன்னாடா ஆச்சி? புள்ள எப்படா வந்துது?" என்று ஒருவர் கத்தினார். நான் நிற்காமல் ஓடினேன்.

கழனியில் பாதிக்கு மேல் மொட்டை. மிஷின் ஒரு சுற்று முடித்து மூலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டிருந்தது. ஒரு கையில் மகள், ஒரு கையில் துண்டு. "நிறுத்து! நிறுத்து!" என்று வீசிக்கொண்டே நெல்லுக்குள் இறங்கி முன்னால் போய் நின்றேன். டிரைவர் குழந்தையைப் பார்த்துப் பயந்து சட்டென்று நிறுத்திவிட்டார். எனக்கும் மூலைக்கும் நடுவே நாலைந்து அடிதான் இருந்தது.

நைனா வரப்பில் ஓடி வந்தார். "ஊரு பார்க்க புள்ளையத் தூக்கிக்கினு இப்படி ஓடியாந்துட்டியேடா! மானமே போச்சுடா!" என்று தலையில் அடித்துக்கொண்டவர், எனக்குப் பின்னால் மூலையைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

அவன் போகவில்லை. அவ்வளவு பெரிய மிஷின், அவ்வளவு சத்தம், தரையே அதிர்ந்திருக்கும், போகவில்லை. கூட்டுக்கு முன்னால் வந்து நின்று, இரண்டு இறக்கையையும் விரித்து, மிஷினைப் பார்த்துச் சீறிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் பஞ்சு உருண்டை மாதிரி மூன்று குஞ்சுகள். முதுகில் கோடுகள்கூடத் தெளிவாகத் தெரிந்தன. நாலாவது முட்டையில் ஓட்டை விழுந்து, அதற்குள் ஒரு மூக்கு துடித்துக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை.

டிரைவர் இறங்கி வந்து எட்டிப்பார்த்தார். "அம்மா பறவைங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் நைனா சொன்னார். "இல்லப்பா. அப்பன்."

சொல்லிவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் எழுந்து, "அந்த மூலைய வுட்டுடு. நான் அருவாள்ல அறுத்துக்கிறேன்" என்றார். டிரைவர் தயங்கியபோது, "வுடுன்னு சொல்றேன் இல்ல" என்று அதட்டினார். மிஷின் பின்னால் போய்த் திரும்பிக்கொண்டது.

மத்தியானத்துக்குள் நாலாவதும் வெளியே வந்தது. மூன்றரை மணிக்கு அவன் எழுந்தான், இரண்டடி வைத்து நின்று திரும்பிப் பார்த்தான். நாலும் தடுக்கித் தடுக்கி அவன் பின்னால் போய்க் கோரைக்குள் மறைந்தன. மகள் கையை ஆட்டினாள், அவளுக்கு அப்போதுதான் டாட்டா காட்டக் கற்றுக்கொடுத்திருந்தேன். நானும் ஆட்டினேன்.

வீட்டுக்குக் கிளம்பும்போது பழக்க தோஷத்தில் வாய்க்கால் பக்கம் திரும்பினேன். நைனா, "அங்க எங்கடா போற?" என்று சொல்லிவிட்டு டீக்கடை வழியில் முன்னால் நடந்தார். கடையில் காலையில் எழுந்து நின்ற அதே ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா பெரியவரே, புள்ள மாமியார் வூட்ல இருக்குதுன்னு சொன்னீரு?"

நைனா பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அங்க இன்னாத்துக்குய்யா இருக்கணும்? அதான் அப்பன் இங்க இருக்கிறான் இல்ல" என்றார். குரலில் இருந்தது அவருடைய வழக்கமான எரிச்சல்தான்.

யாரும் சிரிக்கவில்லை. நைனா எழுந்து போய் என் டீயை அவரே வாங்கி வந்து, ஆற்றி, என் பக்கத்தில் வைத்தார். என் இரண்டு கையிலும் மகள் இருந்தாள்.